மாதிரி விமானத்துக்கு அடுக்கு ஃபோம் போர்டு இறக்கை: வெட்டுவது முதல் சோதிப்பது வரை முழுமையான வழிகாட்டி

5 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் போர்டு துண்டுகள் இரண்டை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும். அப்போது விளிம்பைக் கவனித்தால், மேல் துண்டு கீழ்த் துண்டின்மீது வழுக்கி நகர்வது கண்ணுக்கே தெரியும். அதே இரண்டையும் முழுவதுமாக ஒட்டி இறுகவிட்டு வளைத்தால் கதையே வேறு. ஒரு தகட்டின் தடிமன் இரட்டிப்பானால் அதன் விறைப்பு 2×2×2, அதாவது எட்டு மடங்காக உயரும். ஒட்டாத இரண்டு தகடுகளுக்கு ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டு மடங்கு விறைப்புதான். ஆக, இடையில் பூசிய பசை மட்டுமே நான்கு மடங்கு விறைப்பைத் தந்துவிடுகிறது.

அந்த வழுக்கலைத் தடுப்பதுதான் பசையின் வேலை. அதற்கு மிக மெல்லிய ஏடு போதும். ஆனால் வழுக்கல் நின்றவுடன் இன்னொன்றும் நடக்கிறது: பசை இறுகும் நேரத்தில் தகடுகள் எந்த வடிவத்தில் கிடந்தனவோ, அந்த வடிவமே இறக்கைக்கு நிரந்தரமாகிவிடுகிறது. ஒற்றைத் தகட்டில் ஏற்பட்ட முறுக்கைக் கையால் நீவிச் சரிசெய்யலாம். மூன்று அடுக்கு ஒட்டிய இறக்கையில் அது நடக்காது. அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களிடம், பசையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உங்கள் மேசை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்வேன்.

எந்த இறக்கையைச் செய்யப் போகிறோம்

இந்த வழிகாட்டிக்கு 1 மீட்டர் நீளமும் 200 மி.மீ. அகலமும் உள்ள, ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்) பொருத்திய செவ்வக இறக்கையை எடுத்துக்கொள்கிறேன். மூன்று அடுக்குகள். அடியடுக்கு முழு அகலம், 200 மி.மீ. நடு அடுக்கு 150 மி.மீ. மேலடுக்கு 100 மி.மீ. மூன்றின் முன்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும். பின்பக்கம் மட்டும் அகலத்தின் பாதியில் ஒரு படியும் முக்கால் பங்கில் இன்னொரு படியும் இறங்கும். மொத்தத் தடிமன் 15 மி.மீ., அதாவது அகலத்தில் 7.5 சதவீதம்.

படி வைத்த இந்த வடிவத்துக்கு க்ளைன்-ஃபோகல்மன் என்று பெயர். அமெரிக்கர்களான ரிச்சர்ட் க்ளைன், ஃப்ளாயிட் ஃபோகல்மன் இருவரும் காகித விமானத்திலிருந்து வளர்த்தெடுத்து, 1972-இல் காப்புரிமை பெற்றது. மாதிரி விமானக்காரர்கள் இதன் வகைகளை கேஎஃப்எம் 1, 2, 3 என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். நாம் செய்யப் போவது கேஎஃப்எம் 3. காற்றுச் சுரங்கச் சோதனைகளில் இது வழக்கமான இறக்கை வடிவங்களை வெல்லவில்லை, இழுவை கூடுதல். இருந்தும் இதை நான் மனதார விரும்புவதற்குக் காரணம் உண்டு. தட்டையான தகடுகளை மட்டும் வைத்து, எந்த வளைவும் கொடுக்காமல், தடிமனும் விறைப்பும் உள்ள இறக்கையைச் செய்துவிடலாம். வேகம் குறையும்போதும் சட்டென்று குப்புற விழாமல் மெதுவாகத்தான் தாழும். கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய வரம்.

எடைக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவோம். மூன்று அடுக்குகளின் பரப்பு 20, 15, 10 சதுர டெசிமீட்டர், மொத்தம் 45. தடிமன் 5 மி.மீ. என்பதால் பருமன் 2.25 லிட்டர். காகிதம் இல்லாத பாலிஸ்டைரீன் தகடு லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஃபோமின் எடை ஏறக்குறைய 79 கிராம். ஒட்ட வேண்டிய பரப்பு 25 சதுர டெசிமீட்டர். அதன்மேல் 0.2 மி.மீ. தடிமனுக்குப் பசை பூசினால் 50 கிராமுக்கு மேல் ஏறிவிடும். ஃபோமின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு! சமையலறைத் தராசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு இணைப்புகளுக்கும் சேர்த்து 25 கிராமுக்குள் பசை அடங்கினால் நல்ல வேலை. விமானம் மொத்தம் 500 கிராமில் முடிந்தால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 25 கிராம் சுமைதான் வரும், நிதானமாகப் பறக்கும்.

தகடு வாங்கும்போது

ஸ்டேஷனரி கடைகளில் ஃபோம் போர்டு என்று கேட்டால் சில இடங்களில் சன்போர்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது பிவிசி நுரை. விளம்பரப் பலகைக்கு அருமையானது, இறக்கைக்கு ஆகாது. பாலிஸ்டைரீன் தகட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எடை வரும். கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய, நடுவில் பாலிஸ்டைரீன் நுரையுள்ள போர்டு, அல்லது காகிதமே இல்லாத எக்ஸ்பிஎஸ் (மணிகளாக இல்லாத, சீரான பாலிஸ்டைரீன் நுரை) தகடு. தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான்; ஆனால் மணிமணியாக உதிர்வதால் 5 மி.மீ. தடிமனில் வலு போதாது.

காகிதம் ஒட்டிய போர்டாக இருந்தால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் காகிதம் வலுவுக்கு அதிகம் உதவாது; வலு தேவைப்படுவது வெளிப்பரப்பில்தான். ஆகவே உள்பக்கக் காகிதத்தை உரித்துவிட்டால் எடை மிச்சம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் உரித்த தகடு, மறுபக்கக் காகிதம் ஈரம் ஏறி இறங்கும்போது சுருளத் தொடங்கும். உரித்த அன்றே ஒட்டிவிடுங்கள். முடியாவிட்டால் பாரம் ஏற்றி வையுங்கள். நடு அடுக்கில் இரண்டு பக்கமும் உரித்துவிடலாம். சில போர்டுகளில் காகிதம் உரியாமல் நுரையையே பிய்த்துக்கொண்டு வரும். அப்படிப்பட்டதை வற்புறுத்தாமல் காகிதத்தோடே ஒட்டுங்கள்.

பசைகள்

பாலிஸ்டைரீனைக் கரைக்கும் பசைகள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு விழுந்தால் நுரையில் குழி விழுந்துவிடும். ஃபோமுக்கென்றே வாசனையில்லாத சயனோஅக்ரிலேட் தனியாக விற்கிறார்கள். அது சிறு விரிசல்களுக்கு நல்லது, அகலமான பரப்புக்கு ஆகாது. செருப்புக்கும் ரெக்சினுக்கும் பூசும் செயற்கை ரப்பர் பசைகளில் உள்ள கரைப்பான் நுரையை உருக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மரத்துக்குப் பூசும் வெள்ளை ஃபெவிகால் நுரையை ஒன்றும் செய்யாது. ஆனால் அது இறுக வேண்டுமானால் அதிலுள்ள நீர் வெளியேற வேண்டும். இரண்டு பக்கமும் நீர் புகாத நுரை இருந்தால் நடுப்பகுதியில் பசை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காகிதத்தோடு ஒட்டினால் காகிதம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாள் பாரத்தில் வைத்தால் பிடித்துவிடும். செலவு குறைந்த வழி இதுதான்.

சூட்டுப் பசைத் துப்பாக்கி பலருக்குச் செல்லப் பிள்ளை. சர்வோவை (ஏலரானை அசைக்கும் சிறு மோட்டாரை) பொருத்தவும் உடல் பாகங்களைச் சேர்க்கவும் அதற்கு நிகரில்லை. அடுக்கு ஒட்ட மட்டும் அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டு முடிப்பதற்குள் தொடங்கிய முனை ஆறிவிடும்; ஆறிய பசை மேடாக நின்று தகட்டைத் தூக்கிப் பிடிக்கும். எடையும் அதிகம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் இளகவும் செய்யும். அரால்டைட் போன்ற எபாக்சியை, இறக்கைக்கு நீளவாக்கில் வலு தரும் தண்டான ஸ்பாருக்கும் இறக்கையின் மையத்துக்கும் ஒதுக்கிவையுங்கள்.

அடுக்கு ஒட்ட ஏற்றவை இரண்டு. ஒன்று, யுஹூ போர் போன்ற, பாலிஸ்டைரீனுக்கென்றே செய்த தொடுபசை. இரண்டு பரப்பிலும் மெல்லியதாகப் பூசி, ஏறக்குறைய 10 நிமிடம் உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. எனவே பூசிய இரு பரப்புகளுக்கும் நடுவே பேக்கிங் தாளை விரித்து, மேல் தகட்டைச் சரியான இடத்தில் வைத்து, ஒரு முனையிலிருந்து தாளைச் சிறிது சிறிதாக உருவிக்கொண்டே அழுத்திச் செல்லுங்கள்.

மற்றொன்று நுரைத்து இறுகும் பாலியூரித்தேன் பசை. கொரில்லா க்ளூ என்ற பெயரில் பலர் அறிந்தது. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மூன்று நான்கு மடங்கு பெருகும். ஈரத்தால் இறுகுவது என்பதால் நுரைகளுக்கு நடுவிலும் தங்குதடையின்றிப் பிடிக்கும். நகர்த்திச் சரிசெய்ய அவகாசமும் தரும். நான் கீழே சொல்லும் முறை இதை வைத்துத்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் பட்டால் கறை பல நாள் போகாது. சன்னலைத் திறந்துவையுங்கள்.

எந்தப் பசையானாலும், வெட்டி எறியும் துண்டில் ஒரு சொட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெட்டுதல்

கட்டருக்குப் புது பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு நுரையைக் கிழிக்கும்; கிழிந்த விளிம்பில் பசை மேடு கட்டும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே வெட்டில் முடிக்காமல், முதலில் மேல் காகிதம், அடுத்து நுரை, கடைசியில் கீழ்க் காகிதம் என்று மூன்று முறை இழுங்கள்.

தகட்டை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் விறைப்பு கூடுதலாகத் தெரியலாம். அந்தத் திசை இறக்கையின் நீளத்தோடு போகட்டும். 1 மீட்டர் நீளத்தில் தகடு கிடைக்காவிட்டால் துண்டு சேர்க்கலாம். செங்கல் சுவரில் வரிசைக்கு வரிசை இணைப்பு தள்ளி வருவதுபோல, ஒரு அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே இன்னொன்று வரக் கூடாது. அடியடுக்கின் இணைப்பு நடுவில் என்றால் நடு அடுக்கில் மையத்திலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும்.

நடு அடுக்கில் முன்விளிம்பிலிருந்து 60 மி.மீ. தள்ளி, அதாவது அகலத்தில் 30 சதவீதத்தில், 5 மி.மீ. அகலப் பள்ளம் ஒன்றை வெட்டுங்கள். 5 மி.மீ. கார்பன் குழாய் அதில் மட்டமாக உட்கார்ந்துவிடும். இரு முனைகளிலும் 5 செ.மீ. வெட்டாமல் விட்டால் நடு அடுக்கு இரண்டு துண்டாகப் பிரியாது. குழாயின் நீளம் 90 செ.மீ. போதும். கார்பன் கிடைக்காவிட்டால் முதிர்ந்த மூங்கிலைப் பட்டையாகச் சீவிப் பயன்படுத்தலாம். எடை கூடினாலும் நம்பகமானது. கார்பன் குழாயின் பளபளப்பு போகும்வரை 220 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், இல்லையேல் எபாக்சி பிடிக்காது. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்; பொடி பறக்காமலிருக்க நீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது.

சர்வோ ஒயருக்கான பாதையையும் இப்போதே நடு அடுக்கில் வெட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு அடுக்குகள்

மேசை. ஃப்ளஷ் கதவுப் பலகை, தடித்த கண்ணாடி, கிரானைட் பலகை இவற்றில் ஒன்று வேண்டும். இரும்பு ஸ்கேலைக் குத்துவாட்டில் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் பள்ளம். நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாத் திசையிலும் பார்க்க வேண்டும். முறுக்கு மூலைவிட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். மேசைமேல் பாலித்தீன் தாள் விரித்துவிடுங்கள். வழியும் பசை பாலித்தீனில் ஒட்டாது.

முதலில் பசையில்லாமல் அடுக்கி ஒத்திகை பாருங்கள். முன்விளிம்பு ஒத்து நிற்கும் நிலையில் மூன்று நான்கு இடங்களில் பல்குத்தும் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி எடுத்தால், பிறகு அதே துளைகள் தகட்டை இடம் தவறாமல் உட்கார வைக்கும். நுரைக்கும் பசை மேல் தகட்டை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும் குணமுள்ளது. குச்சி இல்லாமல் வைத்தால் காலையில் அடுக்கு 3 மி.மீ. விலகிக் கிடக்கலாம்.

இப்போது பசை. நடு அடுக்கின் அடிப்பக்கத்தில் பூசுங்கள். முன்விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி நீளவாக்கில் ஒரு தொடர்கோடு. பின்விளிம்பை ஒட்டி இன்னொன்று. பள்ளத்தின் இருபுறமும் ஒவ்வொன்று. இவற்றுக்கு இடையே சாய்வுக் கோடுகள். பழைய ஏடிஎம் அட்டையால் கோடுகளைத் தேய்த்து, நுரையின் நிறம் அடியில் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக்குங்கள். இறக்கையின் மையத்தில், இருபுறமும் 10 செ.மீ. வரை, இடைவெளியின்றிப் பூசுங்கள். பறக்கும்போது அடுக்குகளை வழுக்கச் செய்யும் விசை அங்கேதான் அதிகம், முனைகளில் குறைவு. முன்விளிம்பில் 4 மி.மீ. விட்டதற்குக் காரணம் பின்னால் உப்புத்தாள் போடும்போது புரியும். நுரைக்கும் பசை அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

அடியடுக்கின்மேல் தண்ணீரை மூடுபனிபோல ஒரே ஒரு முறை தெளியுங்கள். துளிகள் திரளக் கூடாது. கை வைத்தால் ஈரம் தெரிந்தால் போதும். மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரமே ஏறக்குறைய போதும். தகடுகளைச் சேர்த்து, குச்சிகளைக் குத்தி, உள்ளங்கையால் மையத்திலிருந்து முனைக்கு நீவிவிடுங்கள். விளிம்புகளில் 10 செ.மீ.க்கு ஒரு மாஸ்கிங் டேப்.

அடுத்து பாரம். மேலே பாலித்தீன், அதன்மேல் நேரான பலகை, அதன்மேல் மணல் பைகள். நடு அடுக்கு அடியடுக்கைவிடக் குறுகியது என்பதால் பலகையை நடு அடுக்கின் அகலத்துக்கே வெட்டிக்கொள்ளுங்கள். புத்தகங்கள் அங்கங்கே மட்டும் அழுத்தும். மணல் பை சீராக அமரும். பசை ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாலும் முழுமையாக இறுக 24 மணி நேரம் ஆகும். இரவு முழுவதும் அசைக்காமல் விடுங்கள். முதல் 20 நிமிடம் மட்டும் பக்கத்தில் இருந்து, பசை வழிகிறதா, தகடு நகர்கிறதா என்று பாருங்கள். வழிந்ததை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூசியதுபோல் பரவும். இறுகிய பிறகு கட்டரால் சீவுவது சுலபம்.

ஸ்பாரும் மேலடுக்கும்

மறுநாள் பள்ளத்தில் எபாக்சியை நூல் போல ஓடவிட்டு, கார்பன் குழாயை அழுத்தி உட்கார வையுங்கள். மேலே துருத்தினால் மேலடுக்கு உட்காராது. ஸ்கேலை வைத்துத் தடவிச் சரிபாருங்கள். ஒயர் பாதையில் ஒரு தையல் நூலைப் போட்டு இரு முனைகளையும் வெளியே விடுங்கள். இறக்கை மூடிய பிறகு ஒயரை நூலில் கட்டி இழுத்தால் ஒரு நிமிட வேலை. நூல் இல்லாவிட்டால் இறக்கையையே கிழிக்க வேண்டிவரும். பசை நுரைத்துப் பாதைக்குள் புகாமலிருக்க அதன் இருபுறமும் 1 செ.மீ. பூசாமல் விடுங்கள்.

மேலடுக்கை முன்பு போலவே ஒட்டுங்கள். மூன்றையும் ஒரே அமர்வில் ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பசைப் படலங்கள் ஒரே நேரத்தில் நுரைக்கும்போது எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிக்க முடியாது. ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பதே சரி.

முனைகள் மையத்துக்குப் பின்பு நிலைதாழ (வேகம் குறையும்போது தூக்குவிசையை இழக்க) வேண்டும் என்று விரும்பி, முனையில் பின்விளிம்பைச் சற்று உயர்த்துபவர்கள் உண்டு. அதைச் செய்ய வேண்டிய நேரம் அடுக்குகளை ஒட்டும்போதுதான். 200 மி.மீ. அகலத்தில் 2 பாகை என்றால் முனையில் 7 மி.மீ. உயரம். அந்த அளவில் தொடங்கி நடு இறக்கைக்கு வரும்போது பூஜ்யமாகச் சரியும் மர ஆப்பைப் பின்விளிம்புக்கு அடியில் இருபுறமும் ஒரே அளவாக வைத்துப் பாரம் ஏற்றுங்கள். படி வைத்த இறக்கைக்கு இது அவசியமில்லை.

சீவுதலும் ஏலரானும்

முன்விளிம்பை முதலில் 120, பிறகு 240 எண் உப்புத்தாளால் அரைவட்டமாக உருட்டுங்கள். நுரை உடனே தேயும். இறுகிய பசை தேயாது. அடர்த்தியான பசைக்கோடு விளிம்புவரை வந்திருந்தால் அது வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். 4 மி.மீ. உள்ளே நிறுத்தியது இதற்காகத்தான். உருட்டிய விளிம்பின்மேல் அகலமான பேக்கிங் டேப்பை ஒரே நீளமாக ஒட்டிவிடுங்கள். படிகளைத் தேய்க்காதீர்கள், அவற்றின் கூர்மை அப்படியே இருக்க வேண்டும்.

கடைசி 50 மி.மீ. ஒற்றை அடுக்குதான். அதில் 40 மி.மீ. அகலத்துக்கு ஏலரானை வெட்டி, சேரும் விளிம்பின் அடிப்புறத்தை 45 பாகை சீவி, மேற்புறம் டேப்பால் கீல் வைக்கலாம். காகிதம் உள்ள போர்டில் மேல் காகிதத்தை வெட்டாமல் விட்டாலே கீல் ஆகிவிடும். ஆனால் காகிதம் ஈரத்தில் தளரும் என்பதால் அதன்மேலும் ஒரு டேப் வேண்டும்.

சோதனை

விரல் நகத்தால் இறக்கை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஒட்டாத இடம் டப்பென்று வெற்றொலி எழுப்பும். பென்சிலால் குறித்துவையுங்கள். பிறகு இறக்கையை மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் மாறிமாறி அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது. சிறு முறுக்கை ஏலரான் டிரிம்மில் (ஏலரானின் நடுநிலையைச் சற்றே மாற்றி வைப்பதில்) சமாளிக்கலாம். முனைக்கு முனை 5 மி.மீ.க்கு மேல் போனால் புதிய இறக்கை செய்வதே உத்தமம். பறக்கும் ஒவ்வொரு வேகத்திலும் அது வேறு வேறு மாதிரி இழுக்கும்.

வலுவைச் சோதிக்க, பேட்டரி உட்பட எல்லாம் பொருத்திய விமானத்தின் இரு இறக்கை முனைகளையும் பிடித்துத் தூக்குங்கள். பறக்கும்போது தூக்குவிசை இறக்கை முழுவதும் பரவியிருக்கும். இங்கே முழு எடையும் முனைகளில் தொங்குகிறது. அதனால் மையத்தில் ஏற்படும் வளைவிசை நேராகப் பறக்கும்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை தாங்க வேண்டியதும் அதே இரண்டு மடங்குதான். உடலின் மையத்தில் விமானத்தின் எடைக்குச் சமமான மணல் பையைக் கட்டித் தூக்கினால் நான்கு மடங்கு. அதையும் முறிவுச் சத்தமில்லாமல் தாங்கினால் பயமின்றிப் பறக்கவிடலாம். எடைமையம் முன்விளிம்பிலிருந்து 50 முதல் 56 மி.மீ.க்குள் வரும்படி பேட்டரியை நகர்த்தி வையுங்கள்.

வெற்றொலி கேட்ட இடங்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்ச் போதும். தடித்த ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விட்டு, பின்னாலேயே வேறொரு சிரிஞ்சில் ஒன்றிரண்டு சொட்டுப் பாலியூரித்தேன் பசையை இறக்கி, மேலே பாரம் வையுங்கள். அதிகம் செலுத்தினால் நுரைத்து மேலடுக்கைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். தரையில் மோதி அடுக்குகளின் விளிம்பு வாய் பிளந்தால் மண்ணை ஊதி எடுத்துவிட்டு, ஃபோமுக்கான வாசனையில்லாத சயனோஅக்ரிலேட்டை விட்டு, இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மையத்தில், ஸ்பாரை ஒட்டி விரிசல் கண்டால் மட்டும் மைதானத்தில் ஒட்டிப் பறக்கவிடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து, மேலடுக்கைத் திறந்து குழாய் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.